மீண்டு வரும் நீர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் விழா மேடைக்கு ஏற்ற மங்கலப் பொருளன்று. நகரத்து மலசலகூடங்களிலிருந்தும் குளியலறைகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் ஓடிவரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, மீண்டும் மக்கள் குடிக்கும் நீராக்குவது தகுமா என்பதே இன்றைய விசாரணை. இதைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் முகஞ்சுளிப்பது எமக்குத் தெரிகின்றது. அந்த முகச்சுளிப்பை நாம் குறைவாக எண்ணவில்லை. அதனைப் பற்றியும் பின்னர் பேசவே போகின்றோம். ஆயினும், அருவருப்புக் காரணமாக ஒரு பொருளை ஆராயாது விடுவது அறிவுடையோர் செயலாகாது. ஆதலால் சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. உலகிலே புதுநீர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. கடலில் இருந்த நீரே முகிலாகின்றது, முகிலே மழையாகின்றது, மழையே ஆறாகவும் குளமாகவும் கிணறாகவும் நிற்கின்றது, பயிரும் விலங்கும் மனிதரும் அதனைப் பருகிக் கழித்தபின் அது மறுபடியும் மண்ணையும் கடலையும் சேர்கின்றது. பேராறுகளின் கரைகளில் வாழும் மக்கள், தமக்கு மேலேயுள்ள ஊர்கள் கழித்துவிட்ட நீரையே காலங்காலமாக எடுத்துக் குடித்து வருகின்றனர். ஊர்கள் சிறியனவாயும் ஆறுகள் பெரியனவாயும் இருந்தவரையில், வெயிலும் மணலும் காற்றும் காலமும் சேர்ந்து அந்நீரைத் தூய்மை செய்தன. ஊர் பெருத்து ஆறு சிறுத்தால் என் செய்வது? ஆறே இல்லாத ஊராயின் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடவேண்டிய நிலை ஆபிரிக்காவில் ஒரு நகரத்துக்கு ஏற்பட்டது. அந்நகரத்தின் கதையே இன்றைய பேச்சின் நடுப்பொருளாகும்.

நமீபியா நாட்டின் தலைநகரம் விண்ட்ஹுக் என்பது. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் மிகவும் வறண்ட நாடு நமீபியாவே. அதன் தலைநகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,650 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த மேட்டுநிலத்தில் இருக்கின்றது. அங்கே ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை 370 மில்லிமீற்றர் அளவினதே. வெயிலோ, வெளியிலே தேங்கி நிற்கும் நீராயின் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் ஆவியாக்கிவிடும் வல்லமை வாய்ந்தது. வருவாய் ஒரு பங்கு, செலவு எட்டுப் பங்கு என்றால் அந்த வீட்டின் கணக்கு எப்படியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் அந்நாட்டின் எல்லைகளிலேயே உள்ளன: தெற்கெல்லையில் ஒரேஞ்சு ஆறு, வடக்கெல்லையில் குனேனே ஆறும் ஒகவாங்கோ ஆறும். அவை நகரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. கடலும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவில், மிகத் தாழ்ந்து கிடக்கின்றது. கடல்நீரை நன்னீராக்கினாலும் அதனை மலைமேல் ஏற்றியாக வேண்டும்.

அப்படியாயின் அவ்விடத்தில் ஊர் எழுந்த காரணம் யாது? நீரே காரணம். அங்கே வெந்நீர் ஊற்றுக்கள் இருந்தன. அந்நிலத்து மக்கள் தம் மொழிகளில் அவ்விடத்துக்கு வழங்கிய பழம்பெயர்களும் வெந்நீரையும் நீராவியையும் குறிப்பனவே. ஊற்று நம்பி எழுந்த ஊர், பெருகியபோது ஊற்றை மிஞ்சியது. பின்னர் ஆழ்கிணறுகள் தோண்டினர். 1933 ஆம் ஆண்டில் ஓர் அணையும், 1958 ஆம் ஆண்டில் கொரியங்காப் என்னுமிடத்தில் மற்றோர் அணையும் கட்டினர். இவையும் போதாமற் போகவே, கைவசம் எஞ்சியிருந்த ஒரேயொரு நீரை நோக்கினர். அது நகரத்தின் கழிவுநீர். 1968 ஆம் ஆண்டில், கொரியங்காப்பிலே, சுத்திகரித்த நகரக் கழிவுநீரைக் குடிநீராக்கி நேரடியாக நகரத்துக் குழாய்களிற் சேர்க்கும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. உலகிலே நிலையான ஏற்பாடாக இவ்வாறு செய்த முதல் நகரம் விண்ட்ஹுக்கே. அன்று அந்நிலையம் நாளொன்றுக்கு ஐயாயிரம் கன மீற்றருக்குச் சிறிது குறைவான நீரையே தரவல்லதாயிருந்தது.

"நிலையான ஏற்பாடாக" என்று நாம் சொல்லியதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்துச் சனூற் என்ற சிறு பட்டினம் இதே காரியத்தை அவசரத்திற் செய்து பார்த்தது. கொடிய வரட்சியால் அவ்வூரின் நியோசோ ஆறு 1956 ஆம் ஆண்டில் வற்றிப் போயிற்று. நகரத்தார் தாம் கழித்த நீரைச் சுத்திகரித்தபின், ஆற்றில் மறித்துத் தேக்கி, மறுபடியும் குடிநீர் நிலையத்துக்கு எடுத்தனர். ஏறக்குறைய ஐந்து மாதம் இவ்வாறு ஒரே நீர் சுற்றிச் சுற்றி வந்தது. மிகுதியாகக் குளோரீன் சேர்த்துக் கிருமிகளை அடக்கினர் என்பது உண்மையே. ஆனால் நீர் வெளிறிய மஞ்சள் நிறங் கொண்டது, பாத்திரத்தில் ஊற்றினால் நுரைத்தது, சுவையும் கெட்டது. மக்கள் போத்தலில் அடைத்த நீரை விலைக்கு வாங்கினர். மழை வந்ததும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் அணை கட்ட முயல்வதும், தொண்டை வறண்டபின் கிணறு தோண்ட முயல்வதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சனூற் பட்டினத்தார் மீது குற்றங் கூறுவதற்கில்லை. அவர்களுக்கு ஆயத்தம் செய்ய நேரம் இருக்கவில்லை. விண்ட்ஹுக் நகரத்தார் முன்னரே ஆராய்ந்து, ஆயத்தம் செய்து, அதன்பின்பே தொடங்கினர். இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

அந்த ஆயத்தம் எத்தகையது என்பதை இளைஞர்கள் நன்கு அறிதல் வேண்டும். கழிவுநீர் என்று நாம் வெறுக்கும் பொருளில் ஆயிரத்தில் 999 பங்குக்கு மேல் வெறும் நீரேயாம். எஞ்சிய அந்தச் சிறுபங்கிலேதான் தீமை முழுவதும் அடங்கியிருக்கின்றது. அதனைப் பிரித்தெடுப்பதே வேலை. முதற் காரியம், வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சேரவிடாமை. ஆலைகளிலிருந்து வரும் உலோகங்களும் இரசாயனப் பொருள்களும் கலந்துவிட்டால் அவற்றைப் பிரிப்பது அரிது. ஆதலால் விண்ட்ஹுக்கில் ஆலைக் கழிவுநீர் வேறு குழாயில் வேறு நிலையத்துக்குச் செல்கின்றது. வீட்டுக் கழிவுநீர் மாத்திரம் கம்மாம்ஸ் என்னும் நிலையத்துக்கு வருகின்றது. அங்கே நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைத் தின்னச் செய்கின்றனர். பின்னர் அந்நீர் குளங்களிலே தங்கித் தெளிகின்றது. இதுவரையில் நடப்பது பல நகரங்களிலும் நடப்பதேயாம். மற்ற நகரங்கள் இந்த இடத்தில் நீரை ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடும். விண்ட்ஹுக்கில் இரண்டாவது பிரயாணம் இங்கேதான் தொடங்குகின்றது.

கொரியங்காப் நிலையத்தில் அந்நீருக்கு முதலில் ஓசோன் வாயு செலுத்துகின்றனர். அடுத்து இரும்பு உப்பொன்றைச் சேர்த்து, மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கின்றனர். சிறு காற்றுக் குமிழிகள் அத்திரளைகளை மேலே தூக்கி வர, அவற்றை வழித்து நீக்குகின்றனர். பின் மணற்படுகையினூடாக வடிக்கின்றனர். மறுபடியும் ஓசோன். அதன்பின் வீரியமூட்டப்பெற்ற கரிப்படுகைகள். நம் பாட்டிமார் கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்ததும், கரியையும் மணலையும் பானைகளிலிட்டு நீரை வடித்ததும் நினைவிருக்குமல்லவா? தத்துவம் அதுவே, அளவும் கணக்கும் வேறு. கரியைக் கடந்த நீர், கிருமிகளும் நுழைய முடியாத அத்துணைச் சிறிய துளைகளையுடைய மென்சவ்வுகளினூடே செலுத்தப்படுகின்றது. ஈற்றிலே குளோரீன் சேர்க்கப்படுகின்றது.

ஒரே தீமைக்கு இத்தனை காவல்கள் எதற்கென்று கேட்கலாம். ஒரு காவலன் உறங்கினாலும் அடுத்த காவலன் விழித்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். குளோரீனுக்கு அடங்காத நோயுயிர்கள் உண்டு; அவை மென்சவ்வில் அகப்படும். சவ்வினூடு நுழையும் கரைந்த பொருள்கள் உண்டு. அவை கரியில் ஒட்டிக்கொள்ளும். இவற்றிற்கு மேலே, கருவிகள் இரவும் பகலும் நீரை அளந்துகொண்டே இருக்கின்றன. அளவொன்று வரம்பு கடந்தால் நீர் நகரத்துக்குப் போகாது, நிலையத்துக்குள்ளேயே திரும்பிவிடும். நகரத்துக்குப் போகும் நீரும் தனித்துப் போவதில்லை. அணை நீரோடும் கிணற்று நீரோடும் கலந்தே போகின்றது. கலவையில் மீட்ட நீர் நூற்றுக்கு 35 பங்குக்கு மேற்படலாகாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு. பழைய நிலையம் பலமுறை திருத்தப்பட்டபின், 2002 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 21,000 கன மீற்றர் தரவல்ல புதிய நிலையம் தொடங்கப்பெற்றது. பழைய நிலையத்து நீர் பூங்காக்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் பயன்படலாயிற்று.

இவ்வளவும் செய்தும் மக்களின் உடல்நலம் எப்படி இருந்தது? இதுவன்றோ பெரியோர்கள் கேட்கும் கேள்வி! 1970 களிலும் 1980 களிலும் அந்நகரத்தில் வயிற்றோட்ட நோய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். மீட்ட நீரைப் பருகியமையால் நோய் மிகுந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நோயின் ஏற்றத்தாழ்வு, மக்கள் வாழ்ந்த வாழ்க்கை நிலைமையின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துச் சென்றது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான லூக்காஸ் வான் வூரன் என்ற தென்னாபிரிக்க அறிஞர், நீரை அதன் பழங்கதையைக் கொண்டு மதிப்பிடாமல் இன்றைய தரத்தைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியவர். பிறப்பைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் பழக்கத்தை விட்டொழிக்க முயலும் இளைஞர்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும் என நம்புகின்றோம்.

அந்த ஒப்புமையை அங்கேயே நிறுத்திவிட மனம் வரவில்லை. அந்நிலையம் தொடங்கிய 1968 ஆம் ஆண்டில் அந்நாடு தென்னாபிரிக்காவின் ஆட்சியிலே, நிறவெறிச் சட்டங்களின் கீழ் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1959 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி, தம் பழைய குடியிருப்பை விட்டுக் கட்டுற்றூரா என்னும் புதிய இடத்துக்குப் போக மறுத்த கறுப்பின மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பதினொருவர் உயிர் துறந்தனர். நீரின் பழங்கதையை மறக்கத் தெரிந்த ஓர் ஆட்சி, மனிதரின் தோல்நிறத்தை மறக்கத் தெரியாதிருந்தது. 1990 ஆம் ஆண்டில் நமீபியா சுதந்திரம் அடைந்தது. அதன்பின் வேலை தேடி வந்த ஏழைமக்கள் நகரத்தின் ஓரங்களில் தகரக் கொட்டில்களில் குடியேறினர். கொரியங்காப் அணை நீர் அழுக்கடைந்தமைக்கு, சுகாதார வசதியற்ற குடியிருப்புகள் அதன் மேற்புறத்தில் பெருகியதும் ஒரு காரணமாயிற்று. கழிவுநீரைக் குடிநீராக்கும் கலையை உலகுக்குக் கற்பித்த நகரத்திலேயே, வீட்டுக்குள் குழாயும் மலசலகூடமும் இல்லாத குடும்பங்கள் உள்ளன. விஞ்ஞானம் நீரைத் தரும். அதனைச் சமமாகப் பங்கிடுவது மனிதரின் நீதியுணர்ச்சியைப் பொறுத்தது. இளைஞர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும்.

இனி முகச்சுளிப்பைப் பற்றிப் பேசுவோம். அவுஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தூவூம்பா என்றொரு நகரம் உண்டு. நெடிய வரட்சியால் அணைகள் வற்றிவந்த காலத்தில், கழிவுநீரை மிக உயர்ந்த முறையிற் சுத்திகரித்து அணையிற் சேர்க்கும் திட்டமொன்று அங்கே முன்வைக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு யூலை 29 ஆந் திகதி மக்களின் வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 62 பேரளவில் வேண்டாம் என்றனர். திட்டம் கைவிடப்பட்டது, பின்னர் வேறோர் அணையிலிருந்து குழாய்மூலம் நீர் கொண்டுவரப்பட்டது. இம்மக்களை அறியாமை கொண்டோர் என்று இகழ்வது தவறு. அருவருப்பு என்பது மனிதனுக்கு இயற்கை தந்த காவல்நாய் போன்றது. கிருமி என்ற சொல்லே தோன்றாத காலத்தில், அழுகியதையும் நாறியதையும் விலக்கச் செய்து நம் முன்னோரை அதுவே காத்தது. ஆனால் அக்காவல்நாய்க்கு ஒரு குறையுண்டு. மணமுள்ள தீமையைக் கண்டே அது குரைக்கும். மணமற்ற தீமை பக்கத்திலே வந்து படுத்தாலும் அதற்குத் தெரியாது. ஆதலால் அருவருப்பை இகழவும் வேண்டாம். அதனை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

சிங்கப்பூரார் இதனை நன்கு உணர்ந்து நடந்தனர். தமிழையும் அரச மொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அந்தச் சிறு தீவிலே மழைக்குக் குறைவில்லை. மழையைத் தேக்கும் நிலத்துக்கே குறைவு. 2003 ஆம் ஆண்டில் அவர்கள் மீட்ட நீரை வழங்கத் தொடங்கினர். அதற்கு முந்திய ஆண்டின் தேசிய தின விழாவில் தலைவர்களும் பல்லாயிரம் மக்களும் அந்நீரை ஒன்றாகப் பருகிக் காட்டினர். பொதுமக்கள் வந்து பார்த்துக் கேள்வி கேட்பதற்கென ஒரு காட்சிசாலையும் திறந்தனர். மீட்ட நீரின் பெரும்பங்கு அங்கே ஆலைகளுக்குச் செல்கின்றது. ஒரு பங்கு நீர்த்தேக்கங்களிற் கலக்கின்றது. கலிபோர்னியாவின் ஒரேஞ்சு கவுண்டி என்னும் பகுதியில் மீட்ட நீரை மண்ணுக்குள் இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்குகின்றனர். இஸ்ரேல் நாட்டார் தம் கழிவுநீரின் மிகப் பெரும்பங்கைச் சுத்திகரித்துப் பயிருக்குப் பாய்ச்சுகின்றனர். 2019 ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடம் ஏந்தி மக்கள் காத்து நின்ற சென்னையிலும், கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மீட்டு ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் அமைந்துள்ளன. ஆலை கழிவுநீரை ஏற்றுக்கொண்டால் ஏரிநீர் வீட்டுக்கு மிஞ்சும். எல்லா ஊரும் விண்ட்ஹுக்கைப் போலக் குடித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இம்முறையின் குறைகளையும் மறைக்காது சொல்லுதல் நம் கடமை. மீட்பு என்பது புதுநீரை உண்டாக்குவதன்று. உள்ள நீரை இன்னொரு முறை பயன்படுத்துவதே. வராத நீரை மீட்க முடியாது. ஒரே நீர் பலமுறை சுற்றினால் உப்புக் கூடும். விண்ட்ஹுக்கார் பங்கு வரம்பு வைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். உப்பை நீக்க முனைந்தால் மின்சாரச் செலவு பெருகும். நீக்கிய உப்பை எங்கே போடுவது என்பதும் கேள்வியாகும். தேர்ந்த தொழிலாளரும் நேர்மையான பரிசோதனையும் ஒரு நாளேனும் இல்லாது போனால் இந்நிலையம் ஆபத்தாகவே முடியும். சிக்கனமும், ஒழுகாத குழாயும், மழைநீர்ச் சேமிப்பும் முதலில் வரவேண்டும். மீட்பு அவற்றின் பின்னரே வருவது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள், நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று எவரும் எழுந்து கேட்கலாம். நம்மிற் பலருக்குச் சொந்த ஊரான யாழ்ப்பாணக் குடாநாட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று சில மாதங்களிலே தரும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மென்படையாகத் தங்குகின்றது. அதுவே கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியிலே 2024 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது என்பதே நிலைமையின் நெருக்கடியைக் காட்டும். வெடிப்புகள் மலிந்த அந்தச் சுண்ணக்கல்லிலே தான் நாம் கிணற்றையும் தோண்டுகிறோம், மலக்குழியையும் தோண்டுகிறோம். தோட்டத்துக்கு இட்ட உரமும் அதே கல்லினூடு இறங்குகின்றது. அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று என்னும் பொருள் அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். உலக சுகாதார தாபனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என வரம்பு வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனை ஏந்தும் வலியை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். அந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை, கெட்ட சுவையும் இல்லை. நாம் மேலே சொன்ன காவல்நாய் அங்கே உறங்கிக் கிடக்கின்றது.

அன்பர்களே, இதன் பொருள் யாது? விண்ட்ஹுக் நகரத்தார் கழிவுநீரைப் பல காவல்களைக் கடக்கச் செய்து, அளந்து, அறிந்து குடிக்கின்றனர். நாமோ கிணற்றுக்கும் குழிக்கும் இடையே உள்ள சில பாக மண்ணை நம்பி, அளவாமல், அறியாமல் குடிக்கின்றோம். கழிவுநீரை மீட்டுக் குடிப்பதா வேண்டாமா என்பது நம்மைப் பொறுத்தவரையில் எதிர்காலக் கேள்வியன்று. ஒருவகையில் நாம் இப்போதே அதனைச் செய்துகொண்டிருக்கின்றோம். கண்ணைத் திறந்து செய்வதா, மூடிக்கொண்டு செய்வதா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

பெருநிலையம் கட்டுவது சங்கத்தின் சத்திக்கு அப்பாற்பட்டது. ஆயினும் நம் கைக்கு எட்டிய காரியங்கள் சில உண்டு. நம் வீட்டுக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தை இந்த விடுமுறையிலேயே அளந்து பார்க்கலாம். அயலில் உள்ள குழியும் நம் கிணற்றுக்கு உறவினர்தான் என்பதை மறவாது, அயலாரோடு சேர்ந்தே அளக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவுகளை ஊர் வாசிகசாலையில் எல்லோரும் காண எழுதி வைக்கலாம். குளித்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் வழிநடத்தும் பழைய வழக்கத்தைப் புதுக்கட்டடம் எழுப்பும்போது விட்டுவிடாது காக்கலாம். தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் மழைக்கு முன்னர் தூரெடுக்கலாம். இரசாயனமும் பொறியியலும் கற்கும் மாணவர்கள், இத்துறை நம் மண்ணுக்கு வேண்டிய துறை என்பதை உணர்ந்து அதிலே தேர்ச்சி பெறலாம்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிணற்றடியில் செருப்போடு ஏறலாகாது, எச்சிற் பாத்திரத்தைக் கிணற்றில் இறக்கலாகாது என்று எங்களைக் கண்டித்து வளர்த்தவர்கள் நீங்கள். அக்கண்டிப்பின் உட்பொருள் நீரைக் காப்பதே. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கிலிருந்து நீங்கள் நீரைக் காத்தீர்கள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கிலிருந்து அதனைக் காக்க இளைஞர்கள் முன்வரும்போது, அவர்கள் அளவுகோலும் சோதனைக் குழாயும் கொண்டு வருவார்கள். அதனைப் புதுமை என்று தள்ளாது, உங்கள் ஆசாரத்தின் தொடர்ச்சி என்று வாழ்த்தி அருள வேண்டுகின்றோம்.